ஏழாவது கலம்

அனுஜாவுக்கு வந்த நோயை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, சட்டையின் மேல் பொத்தான். பள்ளி திறந்து மூன்றாவது வாரம், ஒரு திங்கட்கிழமை காலையில் அது பூட்ட மாட்டேன் என்று நின்றுவிட்டது. சட்டையைத் தைத்தவள் அனுஜாவின் அம்மா அல்போன்சாதான். மே மாதம் கழுத்துக்கு டேப் வைத்துப் பன்னிரண்டே முக்கால் என்று நோட்டில் எழுதி, வளருகிற பிள்ளையாயிற்றே என்று கால் அங்குலம் கூடவும் விட்டிருந்தாள். இப்போது டேப்பை வைத்தால் பதினாலு. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒரே மாதத்தில் கழுத்தில் மட்டும் வளர்ந்துவிடாது. தடவிப் பார்த்தாள். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் புளியங்கொட்டை போல உருண்டது. உடம்பு கொதித்தது. வாயைத் திறக்கச் சொன்னால் தொண்டையில் வெள்ளை படர்ந்திருந்தது.

அல்போன்சா, பாண்டியன் துறை மெட்ரிகுலேஷன் மேல்நிலைப் பள்ளியின் சீருடையைப் பதினெட்டு வருஷமாகத் தைக்கிறவள். அந்தப் பள்ளியில் யாருக்கு எவ்வளவு கழுத்து, யாருக்கு எவ்வளவு வயிறு என்பது பள்ளி நிர்வாகத்தைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். இன்னொரு பெருமையும் அவளுக்கு உண்டு. ஆலந்தலையில் பத்தாவது படித்தபோது, கடிதம் எழுதும் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். வாங்கியதை வீணாக்கக் கூடாது என்று தெருக்குழாய்க்கும் தெருவிளக்குக்கும் அன்றுமுதல் எழுதி வருகிறாள். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் ஒழுங்காகப் போட்டு, நகலை ஒரு பிஸ்கட் டின்னில் தேதி வாரியாக அடுக்கி வைப்பாள். கணவன் மெல்வின் தோணியை நடத்துகிற தண்டல். சரக்கேற்றி மாலத்தீவுக்குப் போனால் என்றைக்குத் திரும்புவான் என்பது காற்றுக்குத்தான் தெரியும். ஆகவே அந்த வீட்டில் எந்தத் தாளிலும் கையெழுத்து அவளுடையது.

டாக்டர் இந்துமதி ரத்தம் பார்த்துவிட்டு, சுரப்பிக் காய்ச்சல் என்றார். மண்ணீரல் வீங்கியிருப்பதால் நாலு வாரம் ஓய்வு, ஆறு வாரத்துக்கு ஓட்டம், குதி எதுவும் கூடாது என்று சான்றிதழ் எழுதினார். எங்கிருந்து வந்தது என்று அல்போன்சா கேட்டாள்.

"எச்சில் வழியாத்தாம்மா பரவும். அது யார் எச்சில், எந்த டம்ளர்னு தேடிட்டிருக்க முடியாது. பத்துப் பேர்ல ஒன்பது பேருக்கு இது வந்து போனதுதான். சின்னப் பிள்ளையில வந்தா மூக்கொழுகல் மாதிரி தெரியாமப் போயிரும். இந்த வயசுல வந்தா இப்படிப் போட்டு அடிக்கும். ஒருக்கா வந்துட்டா உடம்பு அத மறக்காது. எதிர்ப்புச் சக்தி ஆயுசுக்கும் ரத்தத்துல இருக்கும்."

அல்போன்சாவுக்கு இதில் புரியாதது ஒன்றும் இல்லை. சான்றிதழின் நகலை டின்னில் வைத்தாள். அசலைப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டவர் ஹெட் கிளார்க் பெர்சி. எந்தத் தாளைத் தொட்டாலும் ஆள்காட்டி விரலை முதலில் நாக்கில் தொட்டுவிட்டுத்தான் தொடுவார். இருபத்தாறு வருஷச் சர்வீஸில் அந்தப் பள்ளியின் ஒவ்வொரு தாளுக்கும் பெர்சியின் எச்சில் ஒரு துளி போய்ச் சேர்ந்திருந்தது. சான்றிதழுக்கும் சேர்ந்தது. அது பிரின்சிபால் சங்கரபாண்டியனின் மேசைக்குப் போனது.

சங்கரபாண்டியன் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எதையும் ஆராய்கிறவர். நோயின் ஆங்கிலப் பெயரைக் கைபேசியில் தட்டிப் பார்த்தார். வெளிநாட்டு மாணவர்கள் இதை 'முத்தக் காய்ச்சல்' என்று செல்லமாகச் சொல்வார்கள் என்று முதல் வரியில் இருந்தது. இரண்டாவது வரியில் டம்ளர், கரண்டி, இருமல் என்று காரணங்கள் இருந்தன. முதல் வரியிலேயே முடிவெடுப்பதுதான் நிர்வாகம் என்பது அவருடைய கொள்கை. கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

அன்று மதியமே ஒழுக்கம் மற்றும் சுகாதாரக் குழு கூடியது. பிரின்சிபால் தலைவர். உயிரியல் ஆசிரியை சீனித்தாயும் உடற்கல்வி ஆசிரியர் கிருபாகரனும் உறுப்பினர்கள். பெர்சி செயலாளர். நோய் எப்படிப் பரவும் என்று சீனித்தாய் டீச்சரிடம் கேட்கப்பட்டது. எச்சில் வழியாக என்றார் அவர். அதைத்தான் நானும் சொல்கிறேன் என்றார் பிரின்சிபால். சீனித்தாய் டீச்சருக்கு மேற்கொண்டு சொல்லச் சில விஷயங்கள் இருந்தன. ஆனால் அடுத்த வருஷம் துணை முதல்வர் பதவி காலியாகிறது என்ற விஷயமும் அவருக்குத் தெரிந்திருந்தது.

குழு ஒரு படிவம் தயாரித்தது. முத்தம் என்ற சொல்லைப் பள்ளி ஆவணத்தில் அச்சிட முடியாது என்பதால் அதற்கு 'மு.கா. விளக்கப் படிவம்' என்று பெயர் வைக்கப்பட்டது. ஒன்பது கலங்கள். முதல் ஆறில் பெயர், வகுப்பு, ரத்த வகை முதலியன. ஏழாவது: நோய் எவரிடமிருந்து பெறப்பட்டது (பெயர், வகுப்பு, பிரிவு). எட்டாவது: சம்பவம் நடந்த இடம், பள்ளி வளாகம் எனில் கட்டடத்தின் பெயர். ஒன்பதாவது: வருந்துகிறேன் / மிகவும் வருந்துகிறேன் (பொருந்தாததை அடிக்கவும்).

நாலு வாரம் கழித்து, உடம்பு ஓரளவு தேறி, பத்து கிலோமீட்டர் ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டே பள்ளிக்குப் போன அனுஜாவை வாசலிலேயே நிறுத்தினார்கள். படிவம் நிரப்பாமல் வகுப்புக்குள் போக முடியாது. நிரப்பும்வரை வராத நாளெல்லாம் வராத நாள்தான், மருத்துவ விடுப்பு ஆகாது. அப்படியே போனால் வருகை குறையும், பொதுத்தேர்வு எழுத முடியாது. நிரப்பவே மாட்டேன் என்றால், நடத்தை திருப்திகரமாக இல்லை என்று எழுதி டிசி கொடுக்கப்படும். பன்னிரண்டாம் வகுப்பின் நடுவில் அப்படி ஒரு டிசியோடு போனால் தூத்துக்குடி இல்லை, பக்கத்து மாப்பிள்ளையூரணியில்கூட ஒரு பள்ளி வாங்காது.

அல்போன்சாவை அனுஜாவோடு விசாரணைக்கு வரச் சொன்னார்கள். அவள் பாதி தைத்த பாவாடையை மெஷினில் அப்படியே விட்டுவிட்டுப் போனாள். நாலு நாற்காலி ஒரு பக்கம், இவர்கள் இருவரும் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு. அனுஜாவுக்கு நிற்க முடியவில்லை என்று அல்போன்சா சொன்ன பிறகு ஒரு முக்காலி வந்தது. பிரின்சிபால் தொண்டையைச் செருமிக்கொண்டு, இது தண்டனை இல்லை, அக்கறை என்றார். தான் இந்தப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருப்பதாகவும், எத்தனையோ காய்ச்சல் வந்து போயும் தன்னை ஒன்றும் அண்டவில்லை என்றும், அதற்குக் காரணம் ஒழுக்கம்தான் என்றும் சொன்னார். ஒழுக்கமே நோய் எதிர்ப்புச் சக்தி என்பதை பெர்சி அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டார்.

பிறகு கேள்வி வந்தது. காய்ச்சலுக்கு முந்தைய அறுபது நாளில் அனுஜா யாரையாவது, அதாவது, படிவத்தில் குறிப்பிட்டபடி, செய்ததுண்டா?

அனுஜா விரல்விட்டு நாட்களை எண்ணிப் பார்த்துவிட்டு, உண்டு என்றாள்.

கிருபாகரன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இடம் எது என்று பிரின்சிபால் கேட்டார்.

"கோயில்ல சார்."

"கோயிலிலா?"

"ஆமா சார். பெரிய வெள்ளிக்கிழம. எங்க பங்குக் கோயில்ல குருசு முத்தி செய்யப் போனோம். சுரூபத்தோட வலது பாதம்." அவள் மேலும் யோசித்தாள். "வரிசையில ரெண்டாயிரம் பேர் இருந்திருப்பாவ சார். எனக்கு முன்னால நின்னு முத்தி செஞ்சது பெர்சி சார்தான்."

பெர்சியின் பேனா நின்றது. பெரிய வெள்ளியன்று சிலுவையின் பாதத்தை ஊரே வரிசையில் வந்து முத்தமிடும், பெர்சியும் முத்தமிட்டார், பின்னால் அனுஜா நின்றதும் அவருக்கு நினைவு வந்தது. இதை எழுத வேண்டாம் என்று பிரின்சிபால் சொன்னார். கேள்வியை எழுதியாகிவிட்டதே, பதிலை எழுதாவிட்டால் தாளில் இடம் காலியாக இருக்குமே என்று அல்போன்சா கேட்டாள். குழு இரண்டு நிமிஷம் தனியாகப் பேசி, சமயச் சடங்கு மு.கா. வரம்பில் வராது என்று தீர்மானித்தது.

அதன் பிறகுதான் பிரின்சிபால் குரலைத் தாழ்த்தினார். அதே வகுப்பில் கிளைட்டன் என்று ஒரு பையன். அனுஜாவுக்கு வந்து ஒரு வாரத்தில் அவனுக்கும் இதே காய்ச்சல். வீடும் அதே தெரு.

"மேடம், நாங்க யாரையும் கஷ்டப்படுத்துறதுக்கு இங்க உட்காரல. ஒரே ஒரு பெயர். ஏழாவது கலத்துல எழுதிட்டா பாப்பா இன்னைக்கே கிளாஸுக்குப் போகலாம். பையனை நாங்க பார்த்துக்கிடுவோம். நம்ம பள்ளியோட சின்னம் என்ன? முத்துச்சிப்பி. முத்துல மாசு இருக்கக் கூடாது. அதுக்குத்தான்."

"சிப்பிக்குள்ள மாசு போனாத்தான சார் முத்து வரும்" என்றாள் அனுஜா. "சீனித்தாய் டீச்சர்தான் நடத்தினாவ. வெளியேருந்து ஒண்ணு உள்ள போயிரும், சிப்பி அதச் சுத்திச் சுத்திப் பூசித் தன்னக் காப்பாத்திக்கிடும், அதுதான் முத்துன்னு."

சீனித்தாய் டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

படிவத்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் மாலத்தீவிலிருந்து மெல்வின் பேசினான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தப் பையன் பேரை எழுதித் தொலைத்தால்தான் என்ன, பிள்ளையின் படிப்பல்லவா முக்கியம், கிளைட்டனின் அப்பாவிடம் தான் வந்து பேசிக்கொள்வதாகச் சொன்னான். அல்போன்சாவுக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது. பேனாவை எடுத்துப் படிவத்தின் மேல் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். அனுஜா கட்டிலில் படுத்தபடியே பேசினாள்.

"கிளைட்டனுக்கும் இதே படிவந்தாம்மா குடுத்துருக்காவ. ஏழாவதுல எம் பேர எழுதுன்னு சொல்லுதாவளாம். எழுதுனா அவன உடனே கிளாஸுல விட்டுருவாவளாம். அவன் எழுதல்ல."

அல்போன்சா பேனாவை மூடினாள். வேறொரு தாளை எடுத்து, அனுப்புநர் என்று ஆரம்பித்தாள். என் மகள் அனுஜா ஏழாவது கலத்தை நிரப்ப மாட்டாள், அதில் எழுத அவளிடம் பெயர் எதுவும் இல்லை, இருந்தாலும் எழுத மாட்டாள் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். 'தாழ்மையுடன்' என்பதை அடித்துவிட்டு மறுபடி நகல் எடுத்தாள்.

இதற்குள் பள்ளியில் நடவடிக்கைகள் தொடங்கியிருந்தன. கல்வி வளர்ச்சி நாளுக்கு வாங்கிய பலூன்களை வாயால் ஊதக் கூடாது என்று உத்தரவு போட்டு, வாட்ச்மேனின் சைக்கிள் பம்பால் ஊதினார்கள். நூறில் எழுபது வெடித்தது. கீழ் வகுப்பு அறிவியல் புத்தகங்களில் உமிழ்நீர்ச் சுரப்பி வருகிற பக்கம் ஸ்டேப்ளர் அடித்து மூடப்பட்டது. பிறகு தண்ணீர்த் தேர்வு. மேல்நிலை மாணவர்கள் அத்தனை பேரும் மைதானத்தில் வரிசையாக நின்று, உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்துக் காட்ட வேண்டும். கிருபாகரன் விசில் அடித்ததும் குடிக்க வேண்டும், இரண்டாவது விசிலுக்கு நிறுத்த வேண்டும். கடற்காற்று பலமாக இருந்த நாள். முன்வரிசை குடித்த தண்ணீர் பின்வரிசையின் முகத்தில் விழுந்தது. நாலு பேருக்குப் புரையேறியது. கிருபாகரனுக்கு வாய் வலித்தபோது விசிலை அணித்தலைவர்களிடம் கொடுத்தார். நாலு அணித்தலைவர்களும் அந்த ஒரே விசிலை மாற்றி மாற்றி ஊதித் தேர்வை வெற்றிகரமாக முடித்து வைத்தார்கள். உதட்டில் படாமல் குடிக்கும் ஒழுக்கத்தில் பள்ளி தொண்ணூற்றொன்பது சதவீதம் பெற்றதாக நோட்டீஸ் போர்டில் போட்டார்கள்.

அப்படியும் மூன்று பேருக்குக் காய்ச்சல் வந்தது. பிரின்சிபால் படிவத்தை ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லாருக்கும் கொடுத்தார், காய்ச்சல் வந்தவர், வராதவர், இனி வரப்போகிறவர் யாராக இருந்தாலும். அறுநூற்றுப் பன்னிரண்டு படிவம் போனது. அறுநூற்றுப் பன்னிரண்டும் திரும்பி வந்தது. பெயர், வகுப்பு, ரத்த வகை எல்லாம் சுத்தமாக நிரப்பியிருந்தது. ஒவ்வொன்றிலும் ஏழாவது கலம் காலி. யார் சொல்லி அப்படிச் செய்தார்கள் என்பதற்குச் சாட்சி கிடைக்கவில்லை. எதிலாவது ஒரு பெயர் ஒளிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தாளாகப் பார்க்க பெர்சியிடம் சொன்னார்கள். பேனா முனையைக் கடித்தபடி எழுதிய பிள்ளைகள், இருமிக்கொண்டே எழுதிய பிள்ளைகள், எச்சில் தொட்டு எழுத்தை அழித்த பிள்ளைகள் எல்லாருடைய தாளையும் பெர்சி மூன்று நாள் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார்.

ஜூலைக் கடைசியில், மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிய வாரம், பள்ளித் தாளாளர் தங்கதுரை காலை வழிபாட்டில் பேசினார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கொற்கையில் குளித்தெடுத்த முத்துக்கு ரோமாபுரியில் மவுசு இருந்ததற்குக் காரணம் அன்றைய மாணவர்களின் ஒழுக்கமே என்று தொடங்கினார். பிறகு விஷயத்துக்கு வந்தார். இந்த நோயின் சுவடு வந்தவர் ரத்தத்தில் ஆயுள் முழுக்க இருக்குமாம். ஒரு பரிசோதனைக் கூடத்தின் துண்டறிக்கையில் படித்தாராம்.

"வாய் பொய் சொல்லலாம். படிவம் பொய் சொல்லலாம். ரத்தம் பொய் சொல்லாது. முதலில் எங்கள் ரத்தம். நிர்வாகம், ஆசிரியர், அலுவலகம். நாங்கள் முன்மாதிரியாக நின்று காட்டுவோம். அதன் பிறகு மாணவர்கள். இந்தப் பள்ளியில் ஒளிந்து ஒரு காரியம் நடக்க முடியாது."

அவர் டாக்டர் இந்துமதியிடமும் கலந்து பேசினார். டாக்டர், ரத்தம் எடுப்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பத்தில் ஒன்பது பேருக்கு முடிவு ஒரே மாதிரிதான் வரும் என்றார். பத்தில் ஒன்பது பேர் நல்லவர்கள் என்பது தனக்கும் தெரியும் என்று தாளாளர் சிரித்தார். பெற்றோர் கூட்டத்துக்கு வந்து முடிவை மேடையில் விளக்க வேண்டும் என்று அழைப்பிதழும் கொடுத்தார். டாக்டர் சட்டென்று ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தி, வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

அல்போன்சாவின் வீடு முழுக்கத் திருவிழாத் துணி. அதற்கு நடுவிலும் ஒரு கடிதம் எழுதினாள். பொருள்: ரத்தப் பரிசோதனை விதி குறித்துத் தெளிவு வேண்டுதல். ஒரே கேள்விதான். ரத்தத்தில் சுவடு உள்ள எவரும் ஏழாவது கலம் உட்பட முழுப் படிவத்தையும் நிரப்ப வேண்டும் என்பது விதியா, அது எல்லாருக்கும் பொதுவா? மூன்றாம் நாள் பதில் வந்தது. முத்துச்சிப்பிச் சின்னம் போட்ட தாளில், தாளாளரின் கையெழுத்தும் முத்திரையும் வைத்து: "விதி அனைவருக்கும் பொது. பள்ளியில் உயர்ந்தவர் தாழ்ந்தவர் இல்லை." அதை அவள் இரண்டு தடவை படித்தாள். ஜெராக்ஸ் கடைக்குப் போய் அனுஜாவின் வெற்றுப் படிவத்தை, ரத்தம் கொடுக்கிறவர்களின் கணக்குக்கு நாற்பத்திரண்டு பிரதி எடுத்துக்கொண்டு வந்தாள்.

பெற்றோர் கூட்டத்தன்று அரங்கம் நிரம்பியிருந்தது. அனுஜா அம்மாவின் பக்கத்தில் சீருடையில் உட்கார்ந்திருந்தாள். மேல் பொத்தான் பூட்டியிருந்தது. இன்றைக்குப் பேர் வராவிட்டால் திங்கட்கிழமை டிசி என்று பெர்சி முன்தினம் தொலைபேசியில் சொல்லியிருந்தார். சொல்லும்போது அவர் குரலும் நன்றாக இல்லை.

மேடையில், நாற்பத்திரண்டு பேரின் ரத்த முடிவு இருந்த சீல் வைத்த உறை. தாளாளர் அதை எல்லாருக்கும் காட்டிப் பிரித்தார். முதல் பெயர் அவருடையது. அவர் கண்ணாடியைச் சரிசெய்து படித்தார்:

"தங்கதுரை, தாளாளர். எதிர்ப்புச் சக்தி: உண்டு."

கைதட்டல் எழுந்தது. அவர் கையுயர்த்தி அதை ஏற்றுக்கொண்டார். அடுத்து பிரின்சிபால், எதிர்ப்புச் சக்தி உண்டு. சங்கரபாண்டியன் எழுந்து நின்று வணங்கினார். கிருபாகரன், உண்டு. சீனித்தாய், உண்டு. சீனித்தாய் டீச்சர் மட்டும் எழுந்திருக்கவில்லை, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு பேருக்கும் கைதட்டல் கூடிக்கொண்டே போனது. பின்வரிசையில் யாரோ விசிலும் அடித்தார்கள். நாற்பத்தொரு பேருக்கு உண்டு. கடைசிப் பெயரில் தாளாளரின் முகம் சுருங்கியது.

"பெர்சி, தலைமை எழுத்தர். இல்லை."

இவ்வளவு நல்லவர்களுக்கு நடுவே இப்படி ஒருவரா என்ற துயரத்தோடு அவர் பெர்சியைப் பார்த்தார். அரங்கமும் பார்த்தது. பெர்சி தலையைக் குனிந்துகொண்டார். இவர் விஷயத்தில் நிர்வாகம் பாரபட்சமின்றி நடந்துகொள்ளும் என்று சொல்லிவிட்டு, தாளாளர் மைக்கை டாக்டரிடம் கொடுத்தார்.

டாக்டர் இந்துமதி மேசை மேலிருந்த தாளை ஒருமுறை பார்த்தார். எதிர்ப்புச் சக்தி உண்டு என்றால் அந்த நோய் ஏற்கெனவே வந்து போயிருக்கிறது என்று பொருள் என்றார். உடம்பு ஒருமுறை சந்தித்ததைத்தான் எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். மேடையில் இருக்கும் நாற்பத்தொரு பேருக்கும் வாழ்க்கையில் ஒரு சமயம் சுரப்பிக் காய்ச்சல் வந்திருக்கிறது. பெர்சிக்கு மட்டும் வரவில்லை. ஆகவே அவர்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று பெர்சியைக் காட்டிவிட்டு உட்கார்ந்தார்.

கைதட்ட உயர்ந்த கைகள் பாதியில் நின்றன. அந்த அமைதியில் அல்போன்சா எழுந்து மேடைக்குப் போனாள். தாளாளரின் கடிதத்தை, தேதியும் முத்திரையும் உட்பட, உரக்கப் படித்தாள். பையிலிருந்து படிவங்களை எடுத்துத் தாளாளரில் தொடங்கி வரிசையாக ஒவ்வொருவர் முன்னாலும் ஒன்று வைத்தாள். பெர்சிக்கு வைக்கவில்லை. முன்வரிசையிலிருந்த பிரின்சிபாலின் மனைவி சங்கரம்மாள், தனக்கும் ஒன்று தரும்படியும் வீட்டில் வைத்து நிரப்பிக்கொள்வதாகவும் சொன்னார்.

தாளாளர் எழுந்தார். இப்படியெல்லாம் எடுத்துக்கொள்ளக் கூடாது, நிர்வாகத்துக்கு இது எப்போதோ அறியாத வயதில் வந்திருக்கலாம், டாக்டரே சொல்லுவார், கைக்குழந்தையாக இருக்கும்போதுகூட வரும் என்றார். டாக்டர் தலையசைத்தார்.

"கைக்குழந்தையில யாரு அண்ணாச்சி முத்தம் குடுப்பா?" என்று அல்போன்சா கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. மைக் பக்கத்தில் இருந்ததால் கடைசி பெஞ்சு வரை கேட்டது. "அம்மாதான் குடுப்பா. அப்பம் ஏழாவது கலத்துல உங்க அம்மா பேர எழுதுங்க. எட்டாவதுல எடத்தப் போடுங்க, தொட்டில்னு. ஒன்பதாவதுல வருந்துகிறேனா, மிகவும் வருந்துகிறேனா, பொருந்தாதத அடிங்க. நீங்க எழுதி முடிச்சதும் எம் பிள்ள எழுதுவா."

தாளாளர் பேனாவை எடுத்தார். எடுத்தது எல்லாருக்கும் தெரிந்தது. மூடியைக் கழற்றினார். பிறகு மூடியைப் போட்டார். பிரின்சிபால் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கூட்டம் தேசிய கீதம் இல்லாமலே முடிந்தது.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல், வாட்ச்மேன் வந்து ஒரு செய்தி சொன்னான். படிவத்தை ரத்து செய்யக் கருணை கூர்ந்து வேண்டுகிறேன் என்று அல்போன்சா ஒரு கடிதம் கொடுத்தால், நிர்வாகம் அதைப் பரிசீலித்து ஏற்கத் தயாராக இருக்கிறதாம். அல்போன்சா, இத்தனை வருஷத்தில் தான் எழுதாத ஒரே கடிதம் அதுவாக இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினாள். திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது. மு.கா. படிவம் நிர்வாகக் காரணங்களால் மாணவர்கள், ஆசிரியர்கள், நிர்வாகத்தினர் ஆகியோர் விஷயத்தில் திரும்பப் பெறப்படுகிறது. அனுஜா, கிளைட்டன் இருவருடைய நாட்களும் மருத்துவ விடுப்பாகக் கருதப்படும். அனுஜா அன்று வகுப்புக்குப் போனாள். படியேறும்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள், மூன்றாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தாள். கிளைட்டன் கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தான்.

சுற்றறிக்கையின் நகல் டின்னுக்குப் போனது. மாதா கோயில் தேரும் ஓடி முடிந்தது. மெல்வின் வந்து, நான் அப்போதே சொன்னேன் அல்லவா, எழுதக் கூடாதென்று என்றான். அல்போன்சா அடுத்த சட்டையை மெஷினில் வைத்தாள்.

செப்டம்பர் நடுவில் ஒரு மத்தியானம் பெர்சி இரண்டு சட்டையோடு தையல் கடைக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது. காலரைக் கொஞ்சம் தளர்த்தித் தர வேண்டும் என்றார். அல்போன்சா டேப்பை எடுத்து அவர் கழுத்தைச் சுற்றினாள். நோட்டில் அவருடைய கழுத்து பதினைந்தரை. டேப்பில் பதினேழு. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் புளியங்கொட்டை.

"விழுங்க முடியுதா?"

"வெந்நி மட்டும் எறங்குது தாயி. டாக்டர் அதுதான்னு சொல்லிட்டாவ." பெர்சி ஸ்டூலில் உட்கார்ந்தார். நாற்பத்தொரு பேரும் அசையாமல் இருக்கிறார்கள், தனக்கு மட்டும் வந்துவிட்டது என்றார். தான் ஒரு தப்புத்தண்டாவுக்கும் போனதில்லை, அது அல்போன்சாவுக்கே தெரியும் என்றார். பிறகு பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். மு.கா. விளக்கப் படிவம்.

சுற்றறிக்கையில் மாணவர், ஆசிரியர், நிர்வாகம் என்றுதான் இருக்கிறது. அலுவலகப் பணியாளர் விட்டுப்போய்விட்டது. தட்டச்சு செய்தது பெர்சியேதான். ஆகவே அவர் மட்டும் நிரப்பியாக வேண்டும் என்று பிரின்சிபால் சொல்கிறாராம். அதுவரை விடுப்பு கிடையாதாம். எட்டுக் கலம் நிரப்பிவிட்டார். வருந்துகிறேன் என்பதை அடித்து, மிகவும் வருந்துகிறேன் என்பதை விட்டிருந்தார். ஏழாவதில் பேனா வைத்த இடத்தில் மையின் புள்ளி மட்டும் இருந்தது.

"யாருன்னு எழுத? வீட்டுல அவ செத்து ஆறு வருஷமாச்சி."

அல்போன்சா படிவத்தை வாங்கினாள். ஏழாவது கலத்தைப் பார்த்தாள். திருப்பிக் கொடுக்கவில்லை, கத்தரிக்குக் கீழே வைத்தாள்.

"இது இப்படியே இருக்கட்டும் அண்ணாச்சி. எங்க பிள்ளயும் இப்படித்தான் விட்டா. அறுநூறு பிள்ளையளும் இப்படித்தான் விட்டுச்சி. நாம ஒரு லெட்டர் போடுவோம். நான் சொல்லுதேன், நீங்க எழுதுங்க. மொதல்ல அனுப்புநர்."

வெள்ளைத் தாள் கட்டை அவர் பக்கம் தள்ளினாள். பெர்சி தலையை ஆட்டினார். பேனாவைத் திறந்தார். தாளை எடுக்க ஆள்காட்டி விரல் தானாக நாக்குக்குப் போனது.

அல்போன்சா டேப்பின் பித்தளை முனையால் அந்த விரலில் ஒரு தட்டுத் தட்டினாள்.